குதிரைகளின் கொட்டில் தீப்பழக்கங்கள்

குதிரைகளின் கொட்டில் தீப்பழக்கங்கள் என்பவை, கொட்டிலில் (இலாயத்தில்) நெடுநேரம் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் குதிரைகளிடம் தோன்றும், வெளிப்படையான பயன் ஏதுமின்றித் திரும்பத் திரும்பச் செய்யப்படும் செயல்கள் ஆகும். தொட்டியைக் கடித்தல், காற்றை உறிஞ்சுதல், நின்ற இடத்தில் பக்கவாட்டில் ஆடுதல், கொட்டிலுக்குள் ஓயாது சுற்றி நடத்தல் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. இப்பழக்கங்கள் குதிரையின் உடல்நலத்தையும் அதன் சந்தை விலையையும் பாதிக்கின்றன. கட்டின்றி மேயும் குதிரைக் கூட்டங்களில் இவை காணப்படுவதில்லை. ஆகவே இவற்றைக் குதிரையின் குணக்கேடு என்பதைவிட, வளர்ப்பு முறையில் உள்ள குறைபாட்டின் அறிகுறி என்று கொள்வதே இக்கால விலங்கு நடத்தையியலின் நிலைப்பாடு ஆகும்.

தமிழகத்தில் தாமிரபரணி ஆற்றின் கழிமுகத்தில் இருந்த காயல் துறைமுகம், 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டின் குதிரை இறக்குமதி மையமாக விளங்கியது. பெரும் பொருள் கொடுத்து வாங்கப்பட்ட அக்குதிரைகள் கொட்டில் பராமரிப்பின் குறையால் விரைவில் பயனற்றுப் போனதை அக்கால வெளிநாட்டார் குறிப்புகள் பதிவு செய்துள்ளன.

பெயரும் பொருளும்

குதிரை வணிகத்தில் நெடுங்காலமாக 'தீப்பழக்கம்' என்னும் பொருள் தரும் சொல்லே இவற்றுக்கு வழங்கி வந்தது. குதிரை வேண்டுமென்றே தவறு செய்கிறது என்ற கருத்து அச்சொல்லில் அடங்கியுள்ளது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்து ஆய்வாளர்கள் 'மாறா நடத்தை' என்னும் பொருள்படும் 'இசுடீரியோடைப்பி' என்ற சொல்லைப் பயன்படுத்துகின்றனர். மாற்றமின்றி, திரும்பத் திரும்ப, புலப்படும் நோக்கம் இன்றிச் செய்யப்படுவதே இதன் இலக்கணம். விலங்குக் காட்சிச்சாலைக் கூண்டில் முன்னும் பின்னும் நடக்கும் புலியும், கட்டுத்தறியில் தலையை ஆட்டிக்கொண்டே நிற்கும் யானையும் இவ்வகை நடத்தைக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள்.

கடித்தல், உதைத்தல் போன்ற செயல்களும் பொதுப் பேச்சில் தீப்பழக்கங்கள் என்றே சொல்லப்படுகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் அச்சம், வலி, தவறான பயிற்சி ஆகியவற்றால் எழுபவை. அவை மாறா நடத்தைகள் அல்ல.

வகைகள்

வாய் தொடர்பானவை

தொட்டி கடித்தல்: குதிரை தன் முன்பற்களால் தீனித் தொட்டி, கதவு, வேலி போன்ற அசையாத பொருளைப் பற்றிக்கொண்டு, கழுத்தை வளைத்துப் பின்னிழுத்து, உறுமல் போன்ற ஒலியுடன் காற்றை உள்ளிழுக்கும். ஒரு நாளில் பல மணி நேரம் இதிலேயே செலவிடும் குதிரைகளும் உண்டு.

காற்று உறிஞ்சுதல்: எப்பொருளையும் பற்றாமலே கழுத்தை வளைத்துக் காற்றை உள்ளிழுத்தல்.

மரம் மெல்லுதல்: கொட்டிலின் மரச்சட்டங்களைக் கடித்து மெல்லுதல். நார்த்தீனி பற்றாக்குறையின் முதல் அறிகுறியாக இது கொள்ளப்படுகிறது. இதனை மாறா நடத்தை வகையில் சேர்க்காது தனியாக வைப்போரும் உள்ளனர்.

அசைவு தொடர்பானவை

ஆடுதல்: கொட்டில் வாயிலில் நின்று, தலையையும் கழுத்தையும் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்திற்கு ஆட்டி, உடல் எடையை ஒரு முன்காலில் இருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருத்தல். தீனி வேளைக்குச் சற்று முன்பும், பிற குதிரைகள் வெளியே கொண்டு செல்லப்படும்போதும் இது மிகும்.

கொட்டில் சுற்றுதல்: அடைக்கப்பட்ட இடத்திற்குள் ஒரே தடத்தில் ஓயாது நடத்தல்.

தலையசைத்தல், முன்காலால் தரையைக் கீறுதல், கதவை உதைத்தல் ஆகியவையும் இவற்றோடு சேர்த்துக் கூறப்படுகின்றன.

தோன்றும் காரணங்கள்

கட்டின்றி மேயும் குதிரை ஒரு நாளில் ஏறத்தாழ 16 மணி நேரம் வரை மேய்கிறது. மேய்ந்துகொண்டே சிறிது சிறிதாக நடக்கிறது. எப்போதும் கூட்டமாகவே வாழ்கிறது. கொட்டில் வாழ்க்கை இம்மூன்றையும் ஒருசேரப் பறிக்கிறது. அடர்தீவனம் (தானியம், பயறு, தவிடு முதலியன) சில நிமிடங்களில் தின்று தீர்க்கப்படுவதால், மெல்லுவதற்கான உந்துதல் நிறைவேறாமலே எஞ்சுகிறது.

இதற்கு உடலியல் காரணமும் உண்டு. குதிரையின் இரைப்பை இடைவிடாது அமிலத்தைச் சுரக்கிறது. அதனைச் சமன்செய்யும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே போதிய அளவு சுரக்கிறது. நார்த்தீனி குறைந்தால் இரைப்பையில் அமிலம் மிகுந்து புண் உண்டாகலாம். தொட்டி கடிக்கும் இளங்குதிரைகளின் இரைப்பையில் இத்தகைய புண்கள் கூடுதலாகக் காணப்பட்டுள்ளன.

இங்கிலாந்தில் 225 இளங்குதிரைகளை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று குறிப்பிடத்தக்கது. அதில் 10.5 விழுக்காடு குதிரைகள் தொட்டி கடிக்கத் தொடங்கின. தொடங்கிய வயதின் இடைநிலை அளவு 20 வாரங்கள். அதாவது, தாய்ப்பால் மறக்கச் செய்யும் பருவத்தை ஒட்டியே இப்பழக்கம் தலைகாட்டுகிறது. பால் மறந்தபின் அடர்தீவனம் கொடுக்கப்பட்ட குட்டிகளிடம் இப்பழக்கம் தோன்றும் வீதம் ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. ஆடும் பழக்கமும் சுற்றும் பழக்கமும் இதனினும் குறைந்த விழுக்காட்டிலேயே, ஒரு வயதைக் கடந்த பின்னர்த் தோன்றின.

இனத்திற்கும் இதில் பங்கு உண்டு. பந்தயங்களில் ஓடும் தரோபிரெட் இனக் குதிரைகளிடம் தொட்டி கடிக்கும் பழக்கம் பிற இனங்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. எனினும் பரம்பரை இயல்பு மட்டுமே போதாது. அதனைத் தூண்டும் வளர்ப்புச் சூழலும் அமையும்போதே பழக்கம் வெளிப்படுகிறது.

உடல்நலத்தில் விளைவுகள்

தொட்டி கடிக்கும் குதிரையின் மேல் முன்பற்கள் இயல்புக்கு மாறாகத் தேய்கின்றன. கழுத்தின் அடிப்பகுதித் தசைகள் தடிக்கின்றன. மேயும் நேரம் குறைவதால் சில குதிரைகள் மெலிகின்றன. எல்லாவற்றினும் தீவிரமானது குடல் தொடர்பான வயிற்றுவலி ஆகும். சிறுகுடலின் ஒரு பகுதி வயிற்றினுள் உள்ள ஓர் இயற்கைத் துளையில் சிக்கிக்கொள்ளும் ஆபத்தான நிலை, தொட்டி கடிக்கும் குதிரைகளில் கூடுதலாக நேர்வது ஆய்வுகளில் தெரிய வந்துள்ளது. உடனடி அறுவை மருத்துவம் இல்லையெனில் இது உயிரிழப்பில் முடியும்.

ஆடும் குதிரைகளின் முன்கால் மூட்டுகளில் சுமை மிகுகிறது. லாடமும் குளம்பும் ஒருபக்கமாகத் தேய்கின்றன. சுற்றி நடக்கும் குதிரைகள் ஓய்வின்றி எடையை இழக்கின்றன.

விலையில் விளைவுகள்

ஒரு குதிரையின் விலை அதன் இனம், வயது, உடற்கட்டு, நடை, பயிற்சி ஆகியவற்றால் அமைகிறது. தீப்பழக்கம் இவற்றில் எதிலும் உடனே புலப்படாது. சந்தையில் நடத்திக் காட்டப்படும் அரை மணி நேரத்தில் குதிரை ஒழுங்காகவே இருக்கும். வாங்கியவர் வீட்டுக் கொட்டிலில் கட்டிய பின்னரே பழக்கம் வெளிப்படும். எனவே இது மறைகுறை எனப்படும் வகையைச் சேர்ந்தது. விற்பவருக்குத் தெரிந்ததும் வாங்குபவருக்குத் தெரியாததும் ஆகிய செய்தியே இங்கு வழக்குகளுக்கு அடிப்படையாகிறது.

இங்கிலாந்தில் 1839ஆம் ஆண்டு நடந்த இசுகோல்பீல்டு எதிர் இராப் என்னும் வழக்கில், தொட்டி கடித்தல் ஒரு தீப்பழக்கமே என்று ஏற்கப்பட்டது. இன்றும் டாட்டர்சால்சு போன்ற ஏல நிறுவனங்களின் விற்பனை விதிகள், காற்று உறிஞ்சுதல், ஆடுதல், கொட்டில் சுற்றுதல் ஆகிய பழக்கங்களை விற்பவர் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்கின்றன. அறிவிக்காது விற்ற குதிரையைக் குறித்த காலத்திற்குள் திருப்பித் தர வாங்கியவருக்கு உரிமை உண்டு.

இந்தியாவில் குதிரை விற்பனை 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின்கீழ் வருகிறது. இச்சட்டத்தின் 16ஆம் பிரிவு, சில விலக்குகளுடன், வாங்குபவரே விழிப்பாக இருக்க வேண்டும் என்ற கொள்கையை ஏற்கிறது. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டிக் கூடும் புகழ்பெற்ற குதிரைச் சந்தை போன்ற இடங்களில், சுழி பார்த்து வாங்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. உடலில் மயிர் சுழிந்திருக்கும் இடத்தைக் கொண்டு குதிரையின் நன்மை தீமைகளைக் கூறும் இம்முறை, அசுவ சாத்திர நூல்களிலும் விரிவாகப் பேசப்படுகிறது. சுழிக்கும் நடத்தைக்கும் தொடர்பு இருப்பதாக நிறுவப்படவில்லை. ஆயினும் சுழி விலையைக் குறைக்கிறது. பல் தேய்மானம் பலராலும் கவனிக்கப்படாமலே போகிறது.

தாமிரபரணிக் கரையும் குதிரை வணிகமும்

காயல் துறைமுகம்

கொற்கையை ஒட்டிய கடல் பின்வாங்கிய பின்னர், தாமிரபரணியின் கழிமுகத்தில் காயல் துறைமுகம் வளர்ந்தது. இன்று பழையகாயல் என வழங்கும் இவ்வூர், 1986ஆம் ஆண்டுவரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, அதன்பின் தூத்துக்குடி மாவட்டத்தில் அடங்கியது. ஆயர் இராபர்ட் கால்டுவெல் இப்பகுதியை ஆராய்ந்து, மார்க்கோ போலோ குறிப்பிடும் 'காயில்' இதுவே என்று எடுத்துக்காட்டினார்.

1290களில் பாண்டிய நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ, ஓர்முசு, கிசு, ஏடன் மற்றும் அரபு நாடுகளில் இருந்து குதிரைகளை ஏற்றிவரும் கப்பல்கள் எல்லாம் காயலில் தங்கின என்கிறார். தமிழகத்தின் வெப்பமும் ஈரமும் மிகுந்த சூழலில் போர்க்குதிரைகளைப் பெருக்குவது கடினமாக இருந்தமையால், படைத்தேவை முழுவதும் இறக்குமதியையே நம்பியிருந்தது. தாமிரபரணிக் கரையில் உள்ள திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உட்சுவர் ஓவியங்களில், குதிரைகளைக் கப்பலில் கொண்டுவரும் காட்சி இடம்பெற்றுள்ளது. காயலின் சிறப்பு மங்கிய பின்னரும் கடல்வழிக் குதிரை வணிகம் இவ்வட்டார மக்களின் நினைவில் நிலைத்திருந்ததற்கு இவ்வோவியம் சான்று.

விலையும் இழப்பும்

பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப் தரும் கணக்கின்படி, ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார் என உறுதி செய்யப்பட்டிருந்தது. கிசுத் தீவின் தலைவர் 1400 குதிரைகளை ஆண்டுதோறும் அனுப்ப உடன்பாடு இருந்தது. பிற இடங்களில் இருந்து வந்தவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்தன என்றும், அவற்றின் மொத்த விலை 22 இலட்சம் தினார் என்றும் அவர் குறிக்கிறார். கடலில் இறந்துபோகும் குதிரைகளுக்கும் அரசே விலை கொடுக்க வேண்டும் என்பது உடன்பாட்டின் ஒரு விதி. இவ்வெண்கள் மிகைப்படுத்தப்பட்டவையாக இருக்கலாம் எனினும், இழப்பு முழுவதையும் வாங்குபவரே சுமந்தார் என்பது இதனால் விளங்குகிறது.

மார்க்கோ போலோவின் குறிப்பு இன்னும் கடுமையானது. பாண்டிய அரசர் ஐவரும் ஆளுக்கு 2000 குதிரைகளுக்கு மேல் ஆண்டுதோறும் வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறு கூட உயிரோடு எஞ்சுவதில்லை என்றும் அவர் எழுதுகிறார். பேணும் முறை அறியாமையே இதற்குக் காரணம் என்பது அவர் கருத்து. குதிரை மருத்துவம் அறிந்த லாடக்காரர்கள் பாண்டிய நாட்டிற்குச் செல்லாதவாறு வணிகர்கள் தடுத்தனர் என்றும், குதிரைகள் இறப்பதே அவர்களுக்கு ஊதியம் என்றும் அவர் கூறுகிறார்.

பராமரிப்பு

குதிரைகளுக்குச் சோறும் சமைத்த இறைச்சியும் கொடுக்கப்பட்டதாக மார்க்கோ போலோ குறிப்பிடுகிறார். வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெய் கலந்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுக்கப்பட்டன என்கிறார் வாசாப். குதிரைகளைக் கொழுக்க வைப்பதற்காக நாற்பது நாட்கள் கயிற்றாலும் முளையாலும் கொட்டிலிலேயே கட்டி வைத்தனர். பின்னர்ப் பயிற்சி ஏதும் இன்றி முரட்டுத்தனமாக ஏறிச் செலுத்தினர். வலிமையும் வேகமும் உடைய குதிரைகள் குறுகிய காலத்தில் சோர்ந்து, மந்தமாகி, பயனற்றுப் போயின என்றும் அவர் எழுதியுள்ளார்.

இக்குறிப்புகளில் தொட்டி கடித்தலோ ஆடுதலோ பெயர் சுட்டிச் சொல்லப்படவில்லை. இறப்புகளுக்கு வெப்பம், நீண்ட கடற்பயணம், ஈக்களால் பரவும் சர்ரா போன்ற நோய்கள் ஆகியவையும் காரணமாக இருந்திருக்கக் கூடும். எனினும் நார்த்தீனிக் குறைவு, மாவுச்சத்து மிகுந்த உணவு, அசையவிடாத கட்டு, துணையின்மை எனத் தீப்பழக்கங்களைத் தோற்றுவிப்பவையாக இன்று அறியப்படும் நிலைமைகளுள் பல அங்கு ஒன்றுகூடி இருந்தன. சோறு போன்ற மாவுணவு அளவுக்கு மீறினால், அது சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலை அடைந்து புளித்து, வயிற்றுவலியையும் குளம்பு அழற்சியையும் உண்டாக்கும். பாலும் நெய்யும் அன்பின் அடையாளமாகக் கொடுக்கப்பட்டிருக்கலாம். குதிரைக்குத் தேவைப்பட்டதோ புல்லும் நடையும் ஆகும்.

நரி பரியான கதை

பாண்டிய நாட்டில் குதிரை வாங்குவதில் இருந்த இடர், மாணிக்கவாசகர் வரலாற்றிலும் திருவிளையாடல் கதைகளிலும் இடம்பெற்றுள்ளது. குதிரை வாங்கக் கொடுத்த பொருளை அமைச்சர் திருப்பெருந்துறைக் கோயிற் பணிக்குச் செலவிட, இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்து, கயிறு மாற்றி அரசனிடம் ஒப்படைக்கிறார். கயிறு மாறிய பின் குதிரைக்கு நேர்வது விற்றவரைச் சாராது என்பது அச்சடங்கின் பொருள். அன்றிரவே பரிகள் நரிகளாகி, கொட்டிலில் இருந்த பழைய குதிரைகளைக் கடித்துவிட்டு ஓடுகின்றன. இது சமயக் கதையே ஆயினும், பகலில் சந்தையில் பார்த்த குதிரை இரவில் கொட்டிலில் வேறாக இருக்கும் என்ற வணிக அனுபவமும் அதில் பொதிந்துள்ளது எனலாம்.

தடுப்பும் பராமரிப்பும்

நிலைபெற்றுவிட்ட பழக்கத்தை முற்றிலும் போக்குவது அரிது. தடுப்பதே சிறந்தது.

தீனி: குதிரையின் உடல் எடையில் குறைந்தது 1.5 விழுக்காடு அளவு உலர்ந்த நார்த்தீனி நாள்தோறும் தேவை. 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு இது 6 கிலோ ஆகும். பந்தயக் குதிரைகளைப் பற்றிய 1995ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், நாளொன்றுக்கு 6.8 கிலோவிற்குக் குறைவாக நார்த்தீனி பெற்ற குதிரைகளிடம் தீப்பழக்கங்கள் மிகுந்திருந்தன. திருநெல்வேலி வட்டாரத்தில் காணம் எனப்படும் கொள்ளு நல்ல புரதம் உடையது. ஆனால் அது புல்லுக்கு மாற்று ஆகாது. நெல் வைக்கோலில் ஊட்டம் குறைவு என்றாலும், பசும்புல்லோடு சேர்த்துக் கொடுத்தால் மெல்லும் நேரத்தைக் கூட்டும். தீனியை ஒரே வேளையில் கொட்டாமல் பல வேளைகளாகப் பிரித்துக் கொடுத்தல் நன்று.

துணையும் காட்சியும்: பிற குதிரைகளைப் பார்க்கவும் தொடவும் இயலும் வகையில் கொட்டில் அமைதல் வேண்டும். பக்கவாட்டில் திறப்புகள் அமைப்பதும், துணை இல்லாத இடத்தில் கண்ணாடி பொருத்துவதும் ஆடும் பழக்கத்தைக் குறைப்பது சோதனைகளில் காணப்பட்டது.

நடமாட்டம்: நாள்தோறும் திறந்தவெளியில் அவிழ்த்துவிடுதல். முன்கயிறும் பின்கயிறும் இட்டு நாள் முழுதும் ஒரே இடத்தில் கட்டி வைப்பதைத் தவிர்த்தல்.

குட்டிகள்: பால் மறக்கச் செய்வதைப் படிப்படியாக, பிற குதிரைகளின் துணையோடு, மேய்ச்சல் நிலத்தில் செய்தல்.

வலிந்து தடுக்கும் முறைகளும் உள்ளன. கழுத்துப்பட்டை கட்டுதல், தொட்டி விளிம்பில் காரமான பொருள் பூசுதல், கழுத்துத் தசைகளையும் நரம்பையும் வெட்டும் அறுவை ஆகியவை அவை. இவை செயலை மட்டும் தடுக்கின்றன, காரணத்தை நீக்குவதில்லை. கழுத்துப்பட்டையைக் கழற்றியதும் குதிரை முன்பைவிட மிகுதியாகத் தொட்டி கடிப்பது ஆய்வில் பதிவாகியுள்ளது. மன அழுத்தத்தைத் தணித்துக்கொள்ளக் குதிரைக்கு இருந்த ஒரே வழி அடைக்கப்படுவதால், இம்முறைகளைத் தனியாகக் கையாளுவது விரும்பத்தக்கது அன்று.

தவறான நம்பிக்கைகள்

ஒரு குதிரையைப் பார்த்து மற்றொன்று கற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இதனால் தீப்பழக்கம் உள்ள குதிரை தனியே அடைக்கப்படுகிறது. பார்த்துக் கற்பதற்குப் போதிய சான்றுகள் கிடைக்கவில்லை. ஒரே கொட்டிலில் பல குதிரைகளுக்குப் பழக்கம் தோன்றுவதற்கு, அவை அனைத்தும் ஒரே குறையுள்ள பராமரிப்பைப் பெறுவதே போதிய விளக்கமாகும். தனியே அடைப்பதோ பழக்கத்தை மேலும் வளர்க்கும்.

தொட்டி கடிக்கும் குதிரை காற்றை விழுங்கி வயிறு உப்புகிறது என்பது மற்றொரு நம்பிக்கை. உள்ளிழுக்கப்படும் காற்றின் பெரும்பகுதி உணவுக்குழாயின் மேற்பகுதியோடு நின்று திரும்பி வெளியேறுவது ஊடுகதிர்ப் படங்களில் தெரிய வந்தது.

இத்தகைய குதிரை எதற்கும் உதவாது என்பதும் சரியன்று. இப்பழக்கம் உள்ள குதிரைகள் பந்தயங்களில் வென்றுள்ளன. பல் தேய்மானத்தையும் கொட்டிலின் மரச்சட்டங்களையும் பார்த்து, முடிந்தால் தீனி வேளையில் கொட்டிலிலேயே குதிரையைக் கவனித்து, உண்மை நிலை அறிந்து உரிய விலைக்கு வாங்கி, போதிய புல்லும் வெளியும் துணையும் தருபவரிடம் அது நெடுங்காலம் நலமாக உழைக்கும்.

இவற்றையும் பார்க்க

குதிரை
பழையகாயல்
கொற்கை
தாமிரபரணி ஆறு
மார்க்கோ போலோ
அந்தியூர்